கார்பன் இழைத் தகட்டில் மோதல் சேதச் சோதனை: வெட்டுவது முதல் ஒட்டு மூட்டைப் பிரித்துப் பார்ப்பது வரை

இந்தச் சோதனையில் தகட்டின் மேல் எடை விழ அரை விநாடிகூட ஆகாது. ஆனால் அது விழுவதற்கு முன் அளக்காமல் விட்ட எதையும் பிறகு அளக்க முடியாது. புதிதாக ஆய்வகத்துக்கு வருபவர்கள் கருவியை இயக்கச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். எதற்கு முன் எதைச் செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். ஆறு மாதம் ஈரப்பதத்தில் வைத்த மாதிரிகளை ஒரே மதியத்தில் வீணாக்கியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே வரிசைக்கு அதிக இடம் தருகிறேன்.

எடுத்துக்காட்டாக 5 மி.மீ. தடிமனுள்ள கார்பன்-எபாக்ஸி தகடு, அதாவது எபாக்ஸி பிசினால் பிணைத்த கார்பன் இழை அடுக்குகள். மோதலுக்கு ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் டி7136, அதன் பின்னான அழுத்தச் சோதனைக்கு டி7137 ஆகிய முறைகளை ஒட்டிப் போகிறேன். கடைசிப் பகுதி பசையால் ஒட்டிய மூட்டுகளுக்கு.

1. கேள்வியை முதலில் எழுதுங்கள்

ஒரே மாதிரியை வைத்து இரண்டு வெவ்வேறு கேள்விகள் கேட்கலாம். ஓர் அடிக்கு எவ்வளவு சேதமாகிறது என்பது ஒன்று. அந்தச் சேதத்தோடு இன்னும் எவ்வளவு சுமை தாங்கும் என்பது மற்றது.

இரண்டும் சேர்ந்தே நகரும் என்று நினைத்துவிடாதீர்கள். குறைவான பரப்பில் சேதமாகும் பொருள் அந்தச் சேதத்துக்குப் பிறகு வேகமாக வலிமை இழக்கலாம். முதல் கேள்விக்கு மோதலும் சி-ஸ்கேனும் (அல்ட்ராசவுண்டால் தகட்டின் உட்புறத்தைப் படமெடுப்பது) போதும். இரண்டாவதற்கு அழுத்தச் சோதனையும் வேண்டும், கூடுதல் மாதிரிகளும் வேண்டும். தகடு செய்வதற்கு முன்பே இதை முடிவு செய்யாவிட்டால் மாதிரி போதாமல் போகும்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது 5 மாதிரிகள். உலர்ந்தது, ஈரமானது என இரண்டு நிலை, இரண்டு ஆற்றல் என்றால் 20. அவற்றோடு அமைப்பைச் சரிபார்க்க மூன்று நான்கு உதிரி மாதிரிகள். உதிரி இல்லாமல் தொடங்குபவர்கள் நல்ல மாதிரியை வைத்துத்தான் கருவியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கருவிகள்: 16 மி.மீ. விட்டமுள்ள அரைக்கோள முனை கொண்ட, மொத்தம் 5.5 கிலோ எடையுள்ள இம்பாக்டர் (தகட்டில் விழும் எடை), வேகம் அளக்கும் ஒளி உணரி, விசை அளக்கும் லோட் செல், 75 மி.மீ. × 125 மி.மீ. திறப்புள்ள தாங்கு தட்டு; நான்கு ரப்பர் முனைப் பிடிகள்; பந்து முனை கொண்ட ஆழமானி; அல்ட்ராசவுண்ட் ஸ்கேனர். அழுத்தச் சோதனைக்கு 250 கிலோநியூட்டன் எந்திரம் இருந்தால் கவலையில்லை. 100 கிலோநியூட்டன் எந்திரம் இந்தத் தடிமனுக்குப் போதாமல் போகக்கூடும்.

புதியவர்களுக்கு நான் கட்டாயம் சொல்வது ஒன்று உண்டு. முதல் சில அடிகளைக் கண்ணாடி இழை-எபாக்ஸி தகட்டில் அடித்துப் பாருங்கள். பின்னால் ஒரு விளக்கை வைத்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்த இடம் நிழலாக வெறும் கண்ணுக்கே தெரியும். மேலே சின்னப் பள்ளம், உள்ளே உள்ளங்கை அளவு சேதம். அதை ஒருமுறை பார்த்தவர்கள் கார்பன் தகட்டின் மேற்பரப்பை நம்பி ஏமாற மாட்டார்கள்.

3. தகடும் வெட்டுதலும்

0.125 மி.மீ. அடுக்கு என்றால் 45/0/−45/90 என்ற இழைத் திசை வரிசையை (பாகையில்) ஐந்து முறை அடுக்கி, அதன் பிரதிபலிப்பை மேலே வைத்தால் 40 அடுக்கு, 5 மி.மீ. நடுத்தளத்துக்கு இருபுறமும் சமச்சீர் இல்லாவிட்டால் பதப்படுத்திக் குளிரும்போதே தகடு வளைந்துவிடும். வளைந்த தகடு தாங்கு தட்டில் சமமாக உட்காராது.

0 பாகை எந்தப் பக்கம் என்பதைத் தகட்டிலேயே, ஒவ்வொரு மாதிரியிலும் வரும்படி, வெட்டுவதற்கு முன் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெட்டியபின் 0 எது, 90 எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 150 மி.மீ. நீளம் 0 பாகைத் திசையில் வர வேண்டும். அகலம் 100 மி.மீ.

வைர விளிம்புள்ள சக்கரத்தால், தண்ணீர் ஊற்றி, மெதுவாக வெட்டுங்கள். வேகமாகத் தள்ளினால் விளிம்பிலேயே அடுக்குகள் பிரியும். பிறகு சி-ஸ்கேனில் அது மோதல் சேதம்போலத் தெரியும். கார்பன் தூள் நுரையீரலுக்கும் ஆகாது, மின்சாரமும் கடத்தும். முகமூடியும் உறிஞ்சியும் இல்லாமல் வெட்ட வேண்டாம். கணினிக்கும் மின்பெட்டிக்கும் பக்கத்தில் வெட்டவே வேண்டாம்.

சுமை ஏறும் இரண்டு குறுகிய முனைகளையும் அரைத்துச் சமன் செய்ய வேண்டும். தட்டையாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் 0.025 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இந்த வேலையை மோதலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். அடிபட்ட மாதிரியை அரைக்கப் பிடித்தால் உள்ளிருக்கும் விரிசல் வளரக்கூடும்.

4. ஈரப்பதம் தேவையென்றால்

எபாக்ஸி தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சியபின் பிசின் மென்மையாகும், அதன் கண்ணாடிநிலை வெப்பநிலை (சூட்டில் அது விறைப்பை இழக்கும் புள்ளி) இறங்கும். நீண்டகால உழைப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஈரமான நிலையிலும் சோதிக்க வேண்டும். 70 பாகை செல்சியஸ், 85 சதவீத ஈரப்பதம் என்பது பரவலாகப் பயன்படும் நிலை.

இங்கே எல்லோரும் காலத்தைக் குறைவாகப் போடுகிறார்கள். நீர் ஊடுருவும் நேரம் தடிமனின் இருமடியில் ஏறும்: தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. 1 மி.மீ. தகட்டில் கிடைத்த அனுபவத்தை வைத்து 5 மி.மீ. தகட்டுக்குத் திட்டம் போட்டால், 25 மடங்கு தவறும். பல மாதம் ஆகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே தகட்டிலிருந்து வெட்டிய சாட்சித் துண்டுகளைக் கூடவே வைத்து வாரம் ஒருமுறை எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் எடை மாற்றம் 0.02 சதவீதத்துக்குக் கீழே வந்தால் சமநிலை எனலாம். எடை போடும் முன் மேற்பரப்பு ஈரத்தை மட்டும் துடையுங்கள். வெளியே எடுத்த மாதிரியை ஈரம் போகாத பையில் வையுங்கள்; மேசையில் இரண்டு நாள் கிடந்தால் வெளி அடுக்குகள் காய்ந்துவிடும்.

ஈரமாக்கி அடிப்பதும் அடித்து ஈரமாக்குவதும் வேறு வேறு சோதனைகள். முதலாவது, ஈரமான தகடு அடியை எப்படித் தாங்குகிறது என்று சொல்லும். இரண்டாவதில் தண்ணீர் விரிசல் வழியாக நேரே உள்ளே போகும். எதைச் செய்தீர்கள் என்று எழுதாத அறிக்கையை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

5. அடிக்கு முந்தைய பதிவு

மாதிரி எண்ணை மூலையில் எழுதுங்கள். அகலத்தையும் தடிமனையும் பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். மையத்தைக் குறியுங்கள்.

அப்புறம் சி-ஸ்கேன். எல்லா மாதிரிக்கும், விதிவிலக்கில்லாமல். தயாரிக்கும்போதே உள்ளே மாட்டிய காற்றுக்குமிழியும் வெட்டும்போது பிரிந்த விளிம்பும் இப்போது பதிவாகாவிட்டால், பிறகு அடியின் கணக்கில் சேர்ந்துவிடும். இந்த ஸ்கேனைத்தான் நேரமில்லை என்று தவிர்க்கிறார்கள். அதன் பிறகு சேதப் பரப்பு ஏன் இவ்வளவு சிதறுகிறது என்று மாதக்கணக்கில் தேடுகிறார்கள்.

6. ஆற்றலும் உயரமும்

தடிமனின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 6.7 ஜூல் என்பது வழக்கமான அளவு. 5 மி.மீ.க்கு 33.5 ஜூல். 5.5 கிலோ எடைக்கு உயரம் = 33.5 ÷ (5.5 × 9.81) = 0.621 மீட்டர். மோதும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 3.5 மீட்டர்.

ஒரே தொகுதியில் திட்டமிட்ட தடிமனை வைத்து ஒரே உயரத்தை நிர்ணயியுங்கள். 4.93, 5.06 என ஒவ்வொரு மாதிரிக்கும் உயரத்தை மாற்றிக்கொண்டிருந்தால் ஒப்பீடு குழம்பும்.

கணக்குப்படி வரும் ஆற்றல் தகட்டுக்கு அப்படியே வந்து சேராது. எடையை வழிநடத்தும் தண்டுகளில் உராய்வு இருக்கும். ஒளி உணரி காட்டும் வேகம் 3.42 என்றால் உண்மையான ஆற்றல் 5.5 × 3.42² ÷ 2, அதாவது 32.2 ஜூல்தான், 4 சதவீதம் போய்விட்டது. உதிரித் தகட்டில் இரண்டு முறை விழவிட்டு, தண்டுகளைத் துடைத்து, தேவையானால் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றி, அதன் பிறகு உண்மையான மாதிரிக்குப் போங்கள். அறிக்கையில் உயரத்திலிருந்து கணக்கிட்ட ஆற்றலை எழுதாமல், அளந்த வேகத்திலிருந்து வந்ததை எழுதுங்கள்.

தகட்டுக்குள் சேதம் திறப்பின் அகலத்தில் ஏறக்குறைய பாதியைத் தாண்டினால் அந்த ஆற்றல் அதிகம். சேதம், தகட்டைத் தாங்கும் விளிம்பை நெருங்கும்போது நீங்கள் அளப்பது பொருளை விடத் தாங்கியைத்தான்.

7. அடி

வரிசை இதுதான்: பாதுகாப்பு ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாதிரியை வழிகாட்டி ஊசிகளில் ஒட்டி வையுங்கள். நான்கு பிடிகளையும் மூலைகளில் இறக்குங்கள். இரண்டாவது அடியைத் தடுக்கும் அமைப்பு தயாராக இருக்கிறதா என்று சோதியுங்கள். பதிவுக் கருவியைத் தயார்நிலையில் வையுங்கள். கடைசியாக ஊசியை எடுங்கள்.

ஒவ்வொரு பிடியும் குறைந்தது 1100 நியூட்டன் விசையோடு பிடிக்க வேண்டும். ஒரு பிடி தளர்ந்தாலும் தகடு துள்ளும். துள்ளலில் ஆற்றலின் ஒரு பகுதி போய்விடும், சேதம் குறைவாகத் தெரியும்.

எடை தகட்டில் பட்டு மேலே எழும்பி மறுபடியும் விழும். அந்த இரண்டாவது அடியைப் பிடித்து நிறுத்தாவிட்டால் மாதிரி கெட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தானாகப் பிடிக்கும் அமைப்பு இல்லாத, எடை விழும் கோபுரத்தில், எழும்பிய நேரத்தில் ஒரு பலகையைச் செருகுபவர்கள் உண்டு. ஆனால் கை நுழைக்கும் வேலைக்கு நான் யாரையும் அனுமதிப்பதில்லை. தானியங்கிப் பிடி பொருத்தும் வரை காத்திருக்கலாம்.

8. பள்ளத்தை உடனே அளப்பது

அடித்த அரை மணி நேரத்துக்குள் பள்ளத்தின் ஆழத்தை அளந்துவிடுங்கள். மையத்திலிருந்து குறைந்தது 25 மி.மீ. தள்ளி நான்கு பக்கமும் மேற்பரப்பை எடுத்து, அதற்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சராசரி பாருங்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. பிசின் மெல்ல மெல்லத் தன் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். பள்ளம் ஆழம் குறையும். வெப்பமும் ஈரமும் அதை வேகப்படுத்தும். காலையில் அடித்த மாதிரியை உடனேயும் நேற்று அடித்ததை இன்றும் அளந்து ஒரே அட்டவணையில் போட்டால் எண்கள் பொய் சொல்லும். விமானப் பராமரிப்பில் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் பள்ளத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதும் இதனால்தான்: இன்று தெரியும் பள்ளம் அடுத்த பரிசோதனைக்குள் தெரியாமல் போகலாம், உள்ளே பிரிந்த அடுக்கு பிரிந்தபடியே இருக்கும். பின்பக்கத்தையும் பாருங்கள். அங்கே இழை நெடுகப் பிளந்திருந்தால் நீளத்தை அளந்து படம் எடுங்கள்.

9. விசை-நேர வரைபடத்தைப் படிப்பது

தொடர்பு சில மில்லிவிநாடிகளே நீடிக்கும். விநாடிக்கு 1 லட்சம் புள்ளிகளாவது பதிவாக வேண்டும்.

வரைபடம் முதலில் அலையலையாக ஏறும். ஓர் இடத்தில் சட்டென்று ஒரு சரிவு வரும். அடுக்குகள் பெரிய அளவில் பிரியத் தொடங்கும் விசை அது. அதன் பிறகு சாய்வு குறைந்து உச்சத்துக்குப் போகும். அந்தச் சரிவு விசை தடிமனின் 1.5 மடியில் ஏறும், இரண்டாம் வகை முறிவு ஆற்றலின் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிப் பிரியத் தேவையான ஆற்றல்) வர்க்கமூலத்தோடு போகும். ஆகவே ஒரே பொருளில் தடிமனை மாற்றும்போது இந்த உறவு வருகிறதா என்று பார்ப்பது உங்கள் அளவீட்டுக்கே நல்ல பரிசோதனை.

புதியவர்கள் அலைகளைப் பார்த்ததும் வடிகட்டியைப் போட்டு வழுவழுப்பாக்கிவிடுகிறார்கள். முதல் சரிவும் அதோடு சேர்ந்து மறைந்துவிடும். மூலத் தரவை அப்படியே சேமித்து வையுங்கள். வடிகட்டியதைத் தனிக் கோப்பில் வையுங்கள், எந்த அதிர்வெண்ணில் என்று பெயரிலேயே எழுதுங்கள்.

விசையைத் தொகையிட்டு வேகம், மறுபடியும் தொகையிட்டு இடப்பெயர்ச்சி எடுக்கும்போது புவியீர்ப்பை மறக்க வேண்டாம். சரிபார்க்க எளிய வழி: எடை நின்று திரும்பும் புள்ளியில் ஆற்றல் வளைவு, அளந்த மோதல் ஆற்றலோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் லோட் செல்லின் பூஜ்யமோ அளவுத்திருத்தமோ தவறு.

10. உள்ளே பார்ப்பது

பிரிவு எல்லா இடைமுகங்களிலும் சமமாக வராது. இழைத் திசை மாறும் இடைமுகங்களில் வரும். ஒவ்வொன்றும் வேர்க்கடலை ஓடுபோல நடுவில் ஒடுங்கி, கீழ் அடுக்கின் இழைத் திசையில் நீண்டிருக்கும். அடுக்குக்கு அடுக்கு திரும்பிக்கொண்டே போவதால் மொத்தமாகச் சுழல்படிபோல் தெரியும். கீழே போகப் போக அகலும். அடி விழுந்த இடத்துக்கு நேர் கீழே பெரும்பாலும் பிரிவு இருக்காது, ஏனென்றால் அங்கே அழுத்தம் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கிறது.

ஒருபக்க ஸ்கேனில் மேல் பிரிவு கீழ்ப் பிரிவுக்கு நிழல் போடும். ஒலி முதல் இடைவெளியிலேயே திரும்பிவிடுவதால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. மாதிரியைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை எடுங்கள், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆழத்தைக் கணக்கிட: தடிமன் வழியே ஒலி விநாடிக்கு சுமார் 3000 மீட்டர் போகும். 5 மி.மீ. போய்த் திரும்ப 3.3 மைக்ரோவிநாடி. உங்கள் தகட்டின் வேகத்தைச் சேதமில்லாத இடத்தில் அளந்துகொண்டு அதைப் பயன்படுத்துங்கள். தண்ணீர்த் தொட்டியில் நீண்ட நேரம் கிடத்த வேண்டாம். விரிசலுக்குள் நீர் புகுந்தால் பிரிவு ஒலிக்கு மறைந்துவிடலாம். முடிந்தால் விளிம்பை நாடாவால் மூடுங்கள்.

11. மோதலுக்குப் பின் அழுத்தம்

பிரிந்த அடுக்குகள் மெல்லிய தகடுகளாகத் தனித்து நிற்கின்றன. இழுத்தால் இழைகள் தாங்கிக்கொள்ளும். அழுத்தினால் அந்த மெல்லிய தகடுகள் தனித்தனியாக வெளியே வளையும், பிரிவு பக்கவாட்டில் ஓடும். அதனால்தான் எச்ச வலிமையை அழுத்தத்தில் பார்க்கிறோம்.

முகத்துக்கு இரண்டாக நான்கு ஸ்ட்ரெயின் கேஜ்கள் (நீள மாற்றத்தை அளக்கும் ஒட்டுணரிகள்), இருமுகமும் நேருக்கு நேர், சேதத்திலிருந்து விலகி. பக்கத் தாங்கிகள் கத்தி முனைபோல மாதிரியைத் தொட வேண்டும். நெருக்கிப் பிடிக்கக் கூடாது. இறுக்கிவிட்டால் சுமையின் ஒரு பகுதி உராய்வு வழியாகத் தாங்கிக்குப் போகும், வலிமை அதிகமாக வரும்.

450 நியூட்டன் வரை அழுத்தி 150க்குத் தளர்த்தி, கேஜ்களைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு நிமிடத்துக்கு 1.25 மி.மீ. வேகம். முன் கேஜுக்கும் பின் கேஜுக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வளைவு கிடைக்கும். அது 10 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்துங்கள். முனைகளை, தாங்கியின் சீரமைப்பைப் பாருங்கள். சுமை குறைவாக இருக்கும்போதே இதைக் கவனித்தால் மாதிரியைக் காப்பாற்றலாம்.

உடைவு சேதத்தின் வழியாகக் குறுக்கே போக வேண்டும். முனை நசுங்கியிருந்தால் அந்த எண்ணைச் சராசரியில் சேர்க்காதீர்கள். இதே தாங்கியில் அடிபடாத மாதிரியை வைத்து மூல வலிமை எடுக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் முனையில் நசுங்கும், அல்லது வளையும். எச்ச வலிமையைச் சதவீதமாகச் சொல்ல வேண்டுமென்றால் மூல வலிமையை அதற்கான தனிச் சோதனையில் எடுங்கள்.

12. ஒட்டு மூட்டுகள்

மூட்டில் வரிசை இன்னும் கண்டிப்பானது, ஏனென்றால் நல்ல ஒட்டையும் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும் ஒட்டையும் அல்ட்ராசவுண்டால் நம்பிக்கையாகப் பிரித்தறிய முடியாது. தரம் முழுக்கத் தயாரிப்பில்தான் இருக்கிறது.

தகட்டை முதலில் உலர்த்துங்கள். சூட்டில் இறுகும் பசையென்றால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பசைக்குள் குமிழியாகும். பிறகு கரைப்பானால் துடைத்து, அதன் பின்பே உரசுங்கள். உரசிவிட்டுத் துடைத்தால் அச்சிலிருந்து வந்த சிலிக்கோன் எண்ணெயைக் கீறல்களுக்குள் தேய்த்து விட்டவர்கள் ஆவீர்கள். உரசியபின் தூள் போக மறுபடியும், ஈரத் துணியைத் தொடர்ந்து உலர்ந்த துணியால் துடையுங்கள். மேலே தண்ணீர் ஊற்றினால் உடையாத படலமாகப் பரவ வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் திரும்ப முதலிலிருந்து. தேறிய பரப்பை நன்கு உலர்த்தி, கையால் தொடாமல், சீக்கிரமாக ஒட்டிவிடுங்கள். பசையின் தடிமனைக் கண்ணாடி மணிகளோ கம்பியோ வைத்து நிலைநிறுத்துங்கள்.

ஒற்றை மேலடுக்கு மூட்டில், அதாவது இரண்டு தகடுகளின் முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டியதில், சுமை ஒரே கோட்டில் போகாது. அதனால் மேலடுக்கின் இரண்டு முனைகளிலும் உரிக்கும் தகைவு உச்சமாக இருக்கும். அடியை நடுவில் விழவைத்துவிட்டு மூட்டு தாங்கியது என்று எழுதுவது எளிது. முனைக்கு அருகில் விழுந்த அடிதான் ஆபத்தானது. இரண்டு இடத்திலும் சோதியுங்கள். இழுக்கும்போது பிடிகளில் தகட்டின் தடிமனுக்குச் சமமான துண்டுகளை ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிடிக்கும்போதே மூட்டு வளைந்துவிடும்.

காலப்போக்கில் மூட்டு எப்படி உழைக்கும் என்று அறிய, இழுவிசை எண் மட்டும் போதாது. ஆப்புச் சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள்: ஒட்டின் ஒரு முனையில் ஆப்பைச் செருகி, வெப்பமும் ஈரமுமான சூழலில் வைத்து, விரிசல் முனை எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். விரிசல் முனையில் எப்போதும் சுமை இருப்பதால் பலவீனமான பரப்புத் தயாரிப்பு இதில் சீக்கிரம் அகப்படும்.

பிரிந்த இரண்டு முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்; ஒரு முகத்தை மட்டும் எடுத்தால் பயனில்லை. இரண்டு பக்கமும் பசை ஒட்டியிருந்தால் பசைக்குள்ளேயே உடைந்திருக்கிறது. இழைகள் பிய்ந்து பசையோடு வந்திருந்தால் தகட்டின் முதல் அடுக்கு பசைக்கு முன் தோற்றிருக்கிறது. ஒரு பக்கம் பசை, மறுபக்கம் வெறும் பளபளப்பான தகடு என்றால் ஒட்டே பிடிக்கவில்லை. ஈரத்தில் வைக்காத மூட்டு பசைக்குள் உடைந்து, ஈரத்தில் வைத்தது பளபளப்பான முகத்தோடு பிரிந்தால், இரண்டின் வலிமை எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் அந்தத் தயாரிப்பு முறையை நிறுத்திவிட்டுத் துடைப்பதிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.